மூக்கை மட்டும் நம்பாதீர்கள்!

சிலிண்டர் அடுக்களைக்குள் இருக்கிறது. குழாய் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கத் தாமிரபரணிக் கரை வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

2021 நவம்பர் 23. சேலம் கருங்கல்பட்டியில் பொழுது விடிந்துகொண்டிருந்த நேரம். ஒரு வீட்டுக்குள் கசிந்து தேங்கியிருந்த சமையல் எரிவாயு வெடித்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் அடுத்தடுத்துச் சரிந்தன. 5 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் தீயணைப்புத் துறை அலுவலர், அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர். ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் ஓடிப்போகிற மனிதரை, பக்கத்து வீட்டில் கசிந்த வாயு கொண்டுபோய்விட்டது.

இதைத் திருநெல்வேலிக்காரர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். டவுன் ரத வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்கள், மேலப்பாளையம், பத்தமடை, கல்லிடைக்குறிச்சி, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோரம் நெடுகிலும் பழைய வீடுகளுக்கு ஒரே அமைப்புதான். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சுவர். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் வீடு. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. காற்று வந்துபோக முன்வாசலும் புறவாசலும்தான் வழி. ராத்திரி இரண்டையும் தாழ் போட்டுவிடுவோம். அப்படிப்பட்ட வீட்டின் அடுக்களையில் கசியும் வாயு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். வெடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது.

இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. ராமநாதபுரம் – தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய்ப் பாதையை 2021 பிப்ரவரி 17 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். எண்ணூரில் தொடங்கும் பெரிய குழாய்த் திட்டத்தின் 143 கிலோமீட்டர் துண்டு அது. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பகுதிக்கு வீட்டுக் குழாய் எரிவாயு கொடுக்கும் உரிமை இந்தியன் ஆயில் நிறுவனத்திடம் இருக்கிறது. சிலிண்டரை மட்டுமே பார்த்துப் பழகிய ஊருக்குள் குழாய் நுழைகிறது. இரண்டிலும் எரிவது நீலச் சுடர்தான். ஆனால் கசியும்போது இரண்டும் நேர் எதிரான திசையில் போகும். உங்கள் வீட்டில் எந்த வாயு, அது எந்தப் பக்கம் போகும் என்பது தெரியாமல் கசிவைத் தேடுவதில் பயனில்லை.

கீழே தேங்குவது, மேலே ஏறுவது

சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் கலந்த திரவம். வெளியே வந்ததும் ஆவியாகி, ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். இது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. அதனால் மேலே எழும்பாது; தரையில் படிந்து, பள்ளம் பார்த்து நகரும். மேடைக்கு அடியில் தேங்கும். அங்கணக்குழி வழியாக வாறுகாலில் இறங்கி, நாலு வீடு தள்ளிப் போய்க்கூட நிற்கும். பட்டாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக அது வரும்; கட்டிலில் படுத்திருப்பவருக்கு வாடை தாமதமாகத்தான் தெரியும்.

குழாயில் வருவது இயற்கை எரிவாயு. பெரும்பகுதி மீத்தேன். காற்றில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலான கனம்தான் இதற்கு. கசிந்தால் மேலே ஏறும். மச்சுக்கு அடியில், பரணில், மேல் அலமாரிக்குள் சேரும். மாடிப்படி வழியாக மேல் வீட்டுக்குப் போகும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? சிலிண்டர் வாயு காற்றில் சுமார் 1.8 சதவீதம் கலந்துவிட்டால் தீப்பொறி பட்டதும் பற்றும், சுமார் 9.5 சதவீதம் வரை அந்த ஆபத்து இருக்கும். மீத்தேனுக்கு இந்த எல்லை 5 முதல் 15 சதவீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அடுக்களையில் சுமார் 22.6 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் 1.8 சதவீதம் என்றால் 0.4 கன மீட்டர் வாயு. எடையில் சொன்னால் ஒரு கிலோவுக்கும் குறைவு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று இதுபோல் சுமார் 15 அடுக்களைகளை அபாய அளவுக்குக் கொண்டுபோய்விடும். இது வாயு அறை முழுக்கச் சமமாகக் கலந்தால் வரும் கணக்கு. கனமான வாயு தரையோடு தரையாக இரண்டடி உயரத்துக்குள் மட்டும் தேங்கினால் 200 கிராமே போதும்.

மீத்தேனுக்கு இதே அடுக்களையில் ஒரு கன மீட்டருக்கு மேல் சேர வேண்டும். அந்த வகையில் அது கொஞ்சம் சாது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிலிண்டர் காலியானால் கசிவு தானாக நின்றுவிடும். குழாய் காலியாகாது. வால்வை யாராவது மூடும்வரை வந்துகொண்டே இருக்கும்.

வாடையின் வரலாறு

இந்த இரண்டு வாயுக்களுக்கும் இயல்பில் மணமே கிடையாது. நாம் 'கேஸ் வாடை' என்று சொல்வது எத்தில் மெர்காப்டன் என்னும் ரசாயனத்தின் வாடை; சிலிண்டரில் வேண்டுமென்றே கலப்பது. இந்த ஏற்பாடு பரவலானதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில், தரைக்கு அடியில் கசிந்து நிறைந்திருந்த வாசனையற்ற இயற்கை எரிவாயு வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகே எரிவாயுவில் வாடை சேர்ப்பது சட்டமானது.

வாடை சேர்க்காத வாயு என்ன செய்யும் என்பதை நம் பக்கத்து மாநிலமும் பார்த்திருக்கிறது. 2014 ஜூன் 27 அதிகாலையில் ஆந்திரப் பிரதேசம் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் குழாய் கசிந்து பற்றியது. வீடுகளும் தென்னைகளும் கருகின. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நீண்டதூரக் குழாயில் ஓடிய வாயுவில் வாடை சேர்த்திருக்கவில்லை. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அது ஊருக்குள் பரவி, எரிந்த அடுப்பைத் தேடிப் போய்ச் சேர்ந்தது.

வீட்டு வாயுவில் வாடை உண்டு. பற்றிக்கொள்ளும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. பிறகு ஏன் மூக்கை மட்டும் நம்பக் கூடாது? வயதாக ஆக மோப்ப சக்தி குறையும். சளி பிடித்தால் சுத்தமாகப் போய்விடும். கொரோனா வந்துபோன பிறகு வாசனையே சரியாகத் தெரியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் மூக்கு பழகி மரத்துவிடும். அடுக்களையிலேயே நிற்கும் அம்மாவுக்குத் தெரியாத வாடை, வெளியிலிருந்து வருபவருக்கு வாசலிலேயே தெரிவது இதனால்தான். "என்ன, கேஸ் வாடை அடிக்குது?" என்று வந்தவர் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று பதில் சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. அந்த வீட்டில் வந்தவரின் மூக்குக்குத்தான் மதிப்பு.

மண்ணுக்கு அடியில் போகும் குழாய் கசிந்தால் இன்னொரு சிக்கல். வாயு மண்ணைத் துளைத்து மேலே வரும்போது மண் அந்த வாடையை உறிஞ்சிவிடக்கூடும். வாயு வெளியே வரும், வாடை வராது.

சோப்பு நுரைப் பரீட்சை

கசிவைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கருவி இன்றைக்கும் சோப்புத் தண்ணீர்தான். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், அதில் பாத்திரம் துலக்கும் சோப்பு நீர், நுரை வரக் கலக்கியது. ஒரு பழைய பிரஷ். அவ்வளவுதான் செலவு.

முதலில் அடுப்புக் குமிழ்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். வீட்டில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. பிறகு ரெகுலேட்டரைத் திறங்கள். வாயு டியூப் முழுக்க நிறைந்து அடுப்புவரை வந்து நிற்கும். இப்போது நுரையைத் தொட்டு ஒவ்வோர் இணைப்பிலும் தடவுங்கள். ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வில் உட்காரும் இடம், ரெகுலேட்டரில் டியூப் மாட்டியிருக்கும் இடம், டியூப்பின் முழு நீளம், டியூப் அடுப்பில் சேரும் இடம், அடுப்புக் குமிழ்களின் அடிப்பகுதி. அவசரப்படாமல் ஓர் இடத்தில் அரை நிமிடமாவது பாருங்கள். நன்றாக இருக்கும் இணைப்பில் நுரை வற்றி ஈரமாகக் கிடக்கும். கசிவு இருந்தால் அந்த ஒரு புள்ளியில் கடுகளவு குமிழ் எழும்பும், உடையும், அதே இடத்திலிருந்து அடுத்தது எழும்பும். சிறிய கசிவில் குமிழ்கள் சங்கிலியாக வரும், பெரிய கசிவில் நுரை பொங்கித் தெறிக்கும். தடவும்போது உண்டான குமிழ் அப்படியே நிற்கும், வளராது. வளரும் குமிழ்தான் கசிவு.

இன்னும் சில வீடுகளில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பார்க்கிறார்கள். கசிவு இருந்தால் அதுவே அவர்கள் செய்யும் கடைசிச் சோதனையாகிவிடும்.

பல கசிவுகள் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தில் தொடங்குகின்றன. ஊரில் அதை வாஷர் என்பார்கள். அது வெடித்தோ விலகியோ காணாமல் போயோ இருந்தால், ரெகுலேட்டரை எவ்வளவு அழுத்தி மாட்டினாலும் கசியும். அதனால்தான் புது சிலிண்டர் வந்ததும், கொண்டுவந்தவர் அங்கேயே மூடியைக் கழற்றி, வால்வில் கசிவு இருக்கிறதா என்று சோதித்து, எடை போட்டுக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது அவருடைய வேலையின் ஒரு பகுதி. நாம்தான் "வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவிடுகிறோம்.

நூலில் கட்டித் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். ரெகுலேட்டரை எடுத்த பிறகும் வால்வு சீறினால், மூடியை அதன் மேல் வைத்து அழுத்தினால் பெரும்பாலும் கசிவு நின்றுவிடும். அதற்காகத்தான் அது கொடுக்கப்பட்டிருக்கிறது.

டியூப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் நிறுவனங்கள் 'சுரக்ஷா' என்ற பெயரில் விற்கும், உள்ளே கம்பிவலை கொண்ட ஆரஞ்சு நிற ரப்பர் டியூப்பையே பயன்படுத்துங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டியூப்பிலேயே தேதி அச்சாகியிருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். சுவரைத் துளைத்து மறுபக்கம் கொண்டுபோக வேண்டாம். எலி கடிக்காமல் இருக்கட்டும் என்று துணி சுற்றி வைத்தால், விரிசல் விடுவது கண்ணுக்குத் தெரியாது.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் 'ஏ' முதல் 'டி' வரை ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதியிருக்கும். 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. 'பி' ஏப்ரல் முதல் ஜூன். 'சி' ஜூலை முதல் செப்டம்பர். 'டி' அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டோடு சிலிண்டரின் சோதனைக் கெடு முடிகிறது. கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

நேற்றுவரை தாங்கிய இணைப்பு இன்றைக்கும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இலங்கையில் 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடு வீடாக எரிவாயு விபத்துகள் நடந்தன. அடுப்புகள் வெடித்துச் சிதறின. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை மக்கள் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் புரோப்பேன் – பியூட்டேன் கலவை விகிதம் மாறியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. புரோப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். பழைய ரெகுலேட்டரும் தளர்ந்த டியூப்பும் அதைத் தாங்காது. சோப்பு நுரைப் பரீட்சையை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் செய்ய வேண்டும்.

இரண்டு பழைய பழக்கங்களையும் விட்டுவிடுங்கள். கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் போடுவது ஒன்று. சாய்த்தால் ரெகுலேட்டருக்குள் வாயுவுக்குப் பதில் திரவம் வந்துவிடும். சுடுதண்ணீர்ச் சட்டியில் சிலிண்டரை நிறுத்துவது இன்னொன்று. அது உள்ளே அழுத்தத்தைக் கூட்டும்.

ஆறு அடுக்களைக்குள் வந்தபோது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம், வண்ணார்பேட்டை எங்கும் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகமும் தப்பவில்லை.

அந்த நேரத்தில் அரிசியை, பீரோவை, ஆவணங்களை மேலே தூக்கி வைத்தார்கள். சிலிண்டரைப் பற்றிப் பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். 30 கிலோ இரும்பு எங்கே போகப் போகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் நிறைந்த சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும். உள்ளே 14.2 கிலோ வாயு, வெளியே சுமார் 15 கிலோ இரும்பு, மொத்தம் 30 கிலோவுக்குள். ஆனால் சிலிண்டரின் உட்கொள்ளளவே 33 லிட்டர். முழுக மறுத்து எழும்பும். எழும்பும்போது டியூப்பை இழுக்கும், ரெகுலேட்டரை வளைக்கும். தண்ணீர் வடிந்து, ஈர அடுப்பைத் துடைத்து, டீ போடலாம் என்று குச்சியைக் கிழிக்கும் அந்த நொடிதான் ஆபத்தான நொடி.

ஆகவே ஆற்றோர வீடுகளுக்குத் தனி விதி வேண்டும். வெள்ள எச்சரிக்கை வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியை மாட்டி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் உயரத்தில் கட்டிவையுங்கள். முடியாவிட்டால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டாதீர்கள். உள்ளே சேறு புகுந்திருந்தால் அது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாது. விநியோகஸ்தரிடம் காட்டி மாற்றுங்கள். அடித்து வந்து வீட்டு வாசலில் ஒதுங்கிய யாருடைய சிலிண்டரையும் எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

குழாய் வந்த வீட்டில்

குழாய் எரிவாயு வீட்டுக்குள் வரும்போது அழுத்தம் மிகக் குறைவு, சுமார் 21 மில்லிபார். சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து அடுப்புக்கு வருவதைவிடவும் குறைவுதான். வீட்டுக்கு வெளியே ஒரு வால்வு, ஒரு மீட்டர், அடுப்பருகே இன்னொரு வால்வு இருக்கும். வெளியே இருக்கும் வால்வு எது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது வீட்டில் எல்லோருக்கும், பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

குழாய் வீட்டுக்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. படுக்கப் போகும்முன் அடுப்புக் குமிழ்களை மூடிவிட்டு, மீட்டரில் ஓடும் எண்ணைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், எதையும் பற்றவைக்காமல், முதலில் மீட்டரைப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் எங்கோ வாயு போயிருக்கிறது. வால்வை மூடிவிட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

வீட்டைச் சுற்றியும் கண் இருக்க வேண்டும். மழை பெய்து தெருவில் தேங்கிய தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் விடாமல் குமிழ் வருகிறதா? சுற்றிலும் பச்சையாக இருக்க, ஒரு திட்டுப் புல் மட்டும் காய்ந்து மஞ்சளாகிறதா? காற்றில்லாத நேரத்தில் மண் தூசி எழும்புகிறதா? தரைக்கு அடியிலிருந்து சீறும் ஒலி கேட்கிறதா? இவையெல்லாம் மண்ணுக்குள் குழாய் கசிவதன் அடையாளங்கள். மண்ணில் கசியும் வாயு சாக்கடைக் குழாய், டெலிபோன் கேபிள் போகும் வழி என்று கிடைத்த வழியைப் பிடித்து, குழாய் இணைப்பே இல்லாத வீட்டுக்குள்ளும் வரக்கூடும்.

நம் ஊரில் இந்த ஆபத்துக்குத் தனிக் காரணம் உண்டு. பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, குடிநீருக்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை என்று தோண்டாத தெரு நெல்லையில் இல்லை. ஜேசிபி வாளி ஒருமுறை தவறி இறங்கினால் பிளாஸ்டிக் எரிவாயுக் குழாய் கிழிந்துவிடும். தோண்டும் முன் அந்த இடத்தில் யாருடைய குழாய், கேபிள் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. அரசு ஒப்பந்தக்காரர்தான் என்றில்லை. வீட்டு முன்னால் போர் போடுபவரும் கேட் தூண் நடுபவரும்கூடத் தோண்டும் முன் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அலாரம் எங்கே மாட்டுவது?

கசிவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி இப்போது ஆன்லைனிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது டின் ஆக்சைடு பூசிய ஒரு சின்ன உணரி. எரியும் வாயு பட்டதும் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம் மணியை அடிக்கும். ஜப்பானைச் சேர்ந்த நவோயோஷி தகுச்சி 1962-ல் கண்டுபிடித்த முறை இது. இன்றைக்கு நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கும் 'எம்க்யூ–6' உணரியும் இந்த வம்சம்தான்.

கருவி நல்லது. மாட்டும் உயரம் தப்பினால் பயனில்லை. சிலிண்டர் வீட்டில் தரையிலிருந்து ஓர் அடிக்குள். குழாய் வீட்டில் மேல்தளத்திலிருந்து ஓர் அடிக்குள். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறுபவர்கள் கருவியையும் இடம் மாற்ற வேண்டும். அது மீத்தேனை உணரும் வகைதானா என்றும் பார்க்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே, தாளிப்புப் புகை படும் இடத்தில் மாட்டினால் கடுகு வெடிக்கும்போதெல்லாம் கத்தும். நாலாம் நாள் யாராவது பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். உணரிக்கு ஆயுள் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் காலம் முடிந்தால், விளக்கு எரிந்தாலும் அதை நம்பக் கூடாது.

குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கசிவு இல்லாமலே ஆபத்து உண்டு. காற்றோட்டம் இல்லாத அறையில் சரியாக எரியாத சுடர் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. கேஸ் அலாரம் அதைக் காட்டாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

வாடை வந்தால்...

முதலில் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் காலிங் பெல்லுக்கும் கொசு பேட்டுக்கும் இதே விதி. ஃபிரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கும். அதன் பொறியே போதும். அதனால் மெயின் சுவிட்ச் வாயு பரவாத வெளிப்பக்கம் இருந்தால் மட்டும் அங்கே போய் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

எரியும் விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். ரெகுலேட்டரை அல்லது குழாய் வால்வை மூடுங்கள். வாசல், புறவாசல், ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறங்கள். சிலிண்டர் வாயு தரைவழியாக வெளியேற வேண்டும் என்பதால் கதவுகளை அகலத் திறப்பது முக்கியம். குழாய் வாயு என்றால் மேல் ஜன்னலும் வென்டிலேட்டரும் முக்கியம். தூங்குகிறவர்களை எழுப்பி எல்லோரும் வெளியே வாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைக் கையால் தட்டுங்கள்.

செல்போனை வெளியே, தள்ளி வந்த பிறகு எடுங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906. நாள் முழுக்க இயங்கும் எண். தீயணைப்புக்கு 101. எந்த அவசரத்துக்கும் 112. குழாய் இணைப்பு என்றால் மீட்டரிலும் பில்லிலும் இருக்கும் அவசர எண்.

பொறுப்பு யாருக்கு?

பதிவு பெற்ற சிலிண்டர் இணைப்பு உள்ள வீட்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடு உண்டு. வாடிக்கையாளர் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. விபத்தில் உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்பது அதன் வரையறை. விபத்தை உடனே விநியோகஸ்தருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீடு மாறியும் முகவரி மாற்றாதவர்கள், பக்கத்து வீட்டு சிலிண்டரை இரவல் வாங்கி எரிப்பவர்கள், கடையில் கிடைத்த முத்திரையற்ற ரெகுலேட்டரை மாட்டியவர்கள் அங்கே தடுக்கி விழுவார்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனைக்கு ஆள் வந்தால், கட்டணம் கேட்கிறார்களே என்று திருப்பி அனுப்பாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.

சிலிண்டர் ஊர் விட்டு ஊர் போகும்போது இந்த விதிகள் எல்லாமே காற்றில் பறக்கின்றன. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் 9 பேர் கருகினார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு அன்னதானப் பந்தல் போடுபவர்களும், கல்யாண மண்டபச் சமையல்காரர்களும், குற்றாலத்துக்கு வேனில் அடுப்போடு கிளம்புபவர்களும் அந்தப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தற்காலிக அடுப்பில்தான் டியூப் பழசாக இருக்கும். இணைப்பு அவசரமாகப் போட்டதாக இருக்கும். சோப்பு நுரை தடவ யாருக்கும் நேரம் இருக்காது.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது நிறைய. குழாய் பதிக்கும் ஒவ்வொரு தெருவிலும், முதல் அடுப்பு எரிவதற்கு முன்பே, வால்வு எது, வாயு எந்தப் பக்கம் போகும் என்று தமிழில் எழுதிய அட்டை வீடு வீடாகப் போக வேண்டும். மாநகராட்சியின் தோண்டும் அனுமதியில் எரிவாயுக் குழாய் வரைபடத்தைப் பார்த்ததற்கான கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டும். டெலிவரிக்கு வருபவருக்கு எடைக் கருவியும் கசிவுச் சோதனைக் கருவியும் கொடுத்து அனுப்பினால் போதாது. அவற்றைப் பயன்படுத்த நேரமும் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். இன்று இரவு படுக்கும்முன் ரெகுலேட்டரை மூடுங்கள். நாளையிலிருந்து அதையே பழக்கமாக்குங்கள். நாளைக் காலையில் டியூப்பின் தேதியைப் படியுங்கள். 1906 என்ற எண்ணை அடுக்களைக்குள் அல்ல, வாசல் கதவின் வெளிப்பக்கம் எழுதுங்கள். தேவைப்படும்போது நீங்கள் வெளியேதான் நிற்பீர்கள். அடுத்த சிலிண்டர் வரும்போது, கொண்டுவந்த அண்ணாச்சியை இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லி, வால்வைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காட்டுவது அவர் கடமை.